வாங்கி வளர்த்து வழங்கிய தோட்டம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஓசூரில் குடியிருப்போரின் இல்லங்களில் விருந்தினர் வரவு மிகுந்துவிடும். தென் மாவட்டங்கள் வெயிலில் வாடும் வேளையில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்குச் சற்றே குறைவான உயரத்தில் அமைந்த இவ்வூரின் மாலைக் காற்று அவர்களுக்கு ஒரு கொடையாகத் தோன்றும். வந்தவர்கள் இரண்டு நாள் இளைப்பாறுவார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள், "வாப்பா, எங்கேயாவது போகலாம்" என்று தொடங்குவார்கள். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே பணத்தைச் செலவழிப்பதற்கு இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஒரு பகல் முழுவதையும் செலவிட்டு, வீடு திரும்பும்போது போனபோது இருந்ததைவிட அறிவில் சிறிதேனும் வளர்ந்து திரும்புவதற்குரிய இடம் எது என்று என்னைக் கேட்டால், லால்பாக் என்னும் தாவரவியல் தோட்டத்தையே முதலில் சொல்வேன்.

"அது பூங்காதானே, பார்த்தாயிற்று" என்று கூறுவோர் பலர். பூங்கா வேறு, தாவரவியல் தோட்டம் வேறு. பூங்கா கண்ணுக்கு இன்பம் தருவதோடு நின்றுவிடும். தாவரவியல் தோட்டமோ பல நாடுகளிலிருந்து வித்துகளையும் கன்றுகளையும் வாங்கி, இந்த மண்ணிலும் இந்தத் தட்பவெப்பத்திலும் அவை பிழைக்குமா என்று வளர்த்துப் பார்த்து, பிழைத்தவற்றைப் பெயரிட்டு மக்களுக்கு வழங்குவது. வாங்குதல், வளர்த்தல், வழங்குதல் என்னும் இம்மூன்றும் நடைபெறாத இடம் எத்துணை அழகுடையதாயினும் தாவரவியல் தோட்டம் ஆகாது. லால்பாக் இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மூன்றையும் செய்து வந்திருக்கிறது. அதன் பயனை நம்மில் பலர் அறியாமலே நாள்தோறும் உண்டும் உடுத்தும் வருகிறோம்.

எல்லையைக் கடந்து

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் காயல்பட்டினத்திலிருந்து என் ராத்தா எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு ராத்தா, என் மனைவி, பிள்ளைகள் இருவர், நான் ஆகிய ஐவரும் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறினோம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கன்னட எழுத்துகள் கண்ணில் பட்டன. "இது வேற மாநிலமா? மரமெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, தம்பி" என்றார்கள் ராத்தா. உண்மைதான். மாநில எல்லை மனிதர்கள் வகுத்தது. மண்ணும் காற்றும் அதனை அறியா.

சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு சந்திப்பு என்று நெரிசல் கூடிக்கொண்டே போயிற்று. தோட்டத்தின் வாயிலில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. உள்ளே பத்தடி வைத்ததுமே வெளியிலிருந்த இரைச்சல் அடங்கி, நிழலின் குளிர்ச்சி உடலைத் தழுவியது. மே மாதமாகையால் செம்மயிற்கொன்றைகள் இலை தெரியாமல் பூத்துக் கிடந்தன. நடைபாதையில் உதிர்ந்த செந்நிற இதழ்களை மிதிக்கத் தயங்கி என் இளைய மகள் ஓரமாகவே நடந்து வந்தாள்.

பாக் என்னும் சொல்

'பாக்' என்பது தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். நீர்க் கால்வாய்களால் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்ட 'சார்பாக்' முறை பாரசீகத்திலிருந்து முகலாயர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. தும்கூருக்கு அப்பாலுள்ள சிரா என்னும் ஊரில் முகலாய ஆளுநர்கள் அமைத்திருந்த தோட்டத்தைக் கண்டு, அதனைப் போன்றதொரு தோட்டத்தைப் பெங்களூரில் அமைக்க ஹைதர் அலி விரும்பினார் என்பர். 1760-ஆம் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் லால்பாக் தொடங்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர்.

ஹைதர் அலி தமிழகத்திற்கு அந்நியர் அல்லர். 1755-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராகப் பொறுப்பேற்ற பின்னரே அவருடைய வளர்ச்சி தொடங்கியது. போர்க்களத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அம்மனிதருக்குத் தோட்டத்தின்மீது நாட்டம் இருந்தது வியப்புக்குரியது. டெல்லி, லாகூர், முல்தான், ஆற்காடு ஆகிய இடங்களிலிருந்து அவர் செடிகளை வரவழைத்தார் என்றும், அவருடைய மகன் திப்பு சுல்தான் காபூல், பாரசீகம், துருக்கி, மொரீஷியஸ் வரை ஆள்களை அனுப்பி வித்துகளும் கன்றுகளும் பெற்றார் என்றும் தோட்டத்தின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

இதனைக் கேட்கும் நம் இளைஞர்கள் உடனே பெருமிதம் கொள்வார்கள். பெருமிதம் தவறன்று. ஆனால் அது முழு வரலாற்றையும் அறிந்த பெருமிதமாக இருக்க வேண்டும். முஸ்லிம்களின் தாவர அறிவு ஹைதரோடு தொடங்கியதுமன்று. பதினொன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோ நகரில் இப்னு பஸ்ஸால் என்னும் அறிஞர் அரசத் தோட்டத்தில் பயிர்களை வளர்த்து ஆராய்ந்து வேளாண்மை நூல் எழுதினார். மலாகாவில் பிறந்து, 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து விளக்கினார். பிற்காலத்தில் இத்தாலியின் பைசாவிலும் (1544), பதுவாவிலும் (1545) பல்கலைக்கழகங்கள் மூலிகைத் தோட்டங்கள் அமைத்தன. அறிவு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. லால்பாக்கின் கதையும் அதுவே.

1799-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். தோட்டம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கும்பினியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன் அதனைக் கவனித்தார். 1856-இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூவும், அவருக்குப் பின் 1874-இல் பொறுப்பேற்ற ஜான் கேமரனும் அதனை வளர்த்தனர். இன்று மலர்க் கண்காட்சிகள் நடைபெறும் கண்ணாடி மாளிகைக்கு 1889-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். பின்னர் ஜெர்மானியரான கிரும்பிகல், நம் நாட்டவரான ஜவராயா, மரிகவுடா என்று பொறுப்பு மாறிக்கொண்டே வந்தது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. ஆனால் முன்னவர் நட்டதைப் பின்னவர் வெட்டி எறியவில்லை. அதனால்தான் இத்தோட்டம் இன்று நமக்கு எஞ்சியிருக்கிறது.

மரத்தின் பெயரும் பிறந்த ஊரும்

லால்பாக்கைப் பார்க்கச் செல்வோரில் பெரும்பாலோர் கண்ணாடி மாளிகையையும், 1983-இல் எச்.எம்.டி. நிறுவனம் அமைத்துத் தந்த மலர்க் கடிகாரத்தையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஓசூர்ப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் புதிதன்று. எங்கள் தெருவிலேயே கடிகாரத் தொழிற்சாலையில் பணிபுரிவோர் பலர் இருக்கின்றனர். ஏழு மீட்டர் விட்டத்தில் செடிகளால் ஆன முகப்பைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தது உண்மையே. ஆயினும் அத்தோட்டத்தின் உண்மையான செல்வம், மரங்களின் அடியிலே தொங்கும் சிறிய பெயர்ப் பலகைகள்தாம்.

கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட அப்பலகைகளில் மரத்தின் வழக்குப் பெயரும் அறிவியல் பெயரும் காணப்படும். என் மூத்த மகனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, "நீ அறிந்த மரமாக இருந்தால் அதன் தமிழ்ப் பெயரை எழுது. அது எந்த நாட்டில் பிறந்தது என்பதை வீட்டிற்குப் போய்த் தேடி எழுது" என்று சொல்லியிருந்தேன். அன்றிரவு அவன் எழுதி முடித்தபோது வீட்டிலிருந்த அனைவரும் வியந்தோம். நம் கோயில்களிலும் பூங்காக்களிலும் காணும் நாகலிங்க மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. நெடுஞ்சாலைகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்ததே. செம்மயிற்கொன்றையின் தாயகம் மடகாஸ்கர் தீவு. நம் அடுக்களையில் மிளகாயும் தக்காளியும் இல்லாமல் ஒரு நாளேனும் கழியுமா? அவையும் அமெரிக்கக் கண்டத்தினவே. பட்டியலில் அவன் பெருமையோடு, 'மாமரம் நம்முடையது' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தான்.

ஓசூரிலே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. 1970-களிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டைகளைத் தேடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இன்று வடமாநிலத்துத் தொழிலாளர்களும் வருகின்றனர். "இவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டு மனிதரை எடைபோடும் வழக்கம் நம்மிடம் இன்னும் மறையவில்லை. மரத்தை நாம் அவ்வாறு எடைபோடுவதில்லை. நிழல் தந்தால் அதனடியில் அமர்கிறோம்.

தோட்டத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொணர்ந்து வைக்கப்பட்ட கல்மரம் ஒன்று அங்கே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, மண்ணுள் புதைந்து, கல்லாகிப்போன மரம் அது. சற்றுத் தொலைவில், கெம்பெ கவுடாவின் பெயர் தாங்கிய காவற்கோபுரம் நிற்கும் பாறையோ முந்நூறு கோடி ஆண்டு பழமையுடையது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. ராத்தா அப்பாறையில் கை வைத்துப் பார்த்து, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்கள்.

அடுக்களைக்கு வந்த தோட்டம்

'வழங்குதல்' என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சௌசௌ என்னும் காயைத் தென் மாவட்டங்களில் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்கிறோம். மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த அக்கொடி, கேமரன் பொறுப்பிலிருந்த காலத்தில் லால்பாக்கில் வளர்க்கப்பட்டு மக்களிடையே பரவியது. ஊர்ப் பெயரே காய்க்கு ஒட்டிக்கொண்டது. "நாப்பது வருஷமா கூட்டு வைக்கிறேன், இதோட கதை எனக்குத் தெரியாதே" என்று ராத்தா சிரித்தார்கள்.

பட்டின் கதை இன்னும் சுவையானது. மைசூர் அரசில் பட்டுப்புழு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். 1811-இல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்பார் மொழிபெயர்த்து வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பில், மஸ்கட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பட்டுப்புழுக்களையும் அவற்றை வளர்க்கத் தெரிந்தோரையும் தருவிப்பது பற்றிய கடிதங்கள் உள்ளன. முசுக்கொட்டைச் செடியின் இலையை மட்டுமே உண்டு வாழும் புழு அது. ஆதலால் செடி இல்லையேல் பட்டில்லை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து உழவர் பலருக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடும் வாழ்வாதாரமாக உள்ளன. ஓசூரிலேயே மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஒன்று இயங்குகிறது. பல நாட்டு மல்பெரி வகைகளும் பட்டுப்புழு இனங்களும் அழிந்துவிடாமல் அங்கே காப்பாற்றப்படுகின்றன.

ஓசூரைச் சுற்றிப் பசுமைக் குடில்களில் விளையும் ரோஜாவை அனைவரும் அறிவர். 'தாஜ்மஹால்' என்னும் செந்நிற ரோஜா இங்கிருந்து வெளிநாடுகளுக்கு விமானம் ஏறுகிறது. நிலத்தின் உயரமும் மிதமான வெப்பமும் இம்மலர்ச் சாகுபடிக்கு வாய்ப்பாக அமைந்தன. லால்பாக்கில் மலர்கள் செழிக்கக் காரணமான அதே பீடபூமித் தட்பவெப்பம்தான் ஓசூருக்கும் வாய்த்திருக்கிறது.

மண்ணைத் தொட்ட கைகள்

அரசர்களின் பெயர்களையும் அதிகாரிகளின் பெயர்களையும் வரலாறு எழுதி வைக்கிறது. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றியவர்களின் பெயர்களை எழுதுவதில்லை. பெங்களூரில் திகளர் என்றொரு சமூகத்தார் உள்ளனர். தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அவர்களின் பூர்வீகம் தமிழகம். ஹைதர் அலி தம் தோட்டத்திற்காக அவர்களை அழைத்து வந்தார் என்னும் செய்தி பரவலாக வழங்குகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே வந்து குடியேறியவர்கள் என்போரும் உண்டு.

இச்சமூகத்தார் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவையொட்டிக் கரகத் திருவிழா நடத்துகின்றனர். அவ்வூர்வலம் காட்டன்பேட்டையிலுள்ள ஹஜ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவிற்கு வந்து செல்லும் வழக்கம் நெடுங்காலமாகத் தொடர்கிறது. ஒரு சுல்தானின் தோட்டத்தைத் தமிழ்த் தோட்டக்காரர்கள் பேணினர், கன்னட மண்ணில் அது வளர்ந்தது, ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அதனைப் பெருக்கினர். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று பிரித்துச் சொல்ல இயலுமா?

1908 முதல் 1932 வரை தோட்டத்தின் பொறுப்பில் இருந்த கிரும்பிகல், ஒரு மரவகை பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்குமாறு நகரச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தார். ஆண்டு முழுவதும் பெங்களூரின் ஏதேனுமொரு சாலை பூத்திருப்பது தற்செயலன்று. அது ஒரு மனிதரின் திட்டம். அவர் தம் நாட்டிற்குத் திரும்பவில்லை. 1956-இல் பெங்களூரிலேயே காலமானார். நாம் பேருந்தில் கடந்து செல்லும் ஓசூர் சாலையிலுள்ள கல்லறைத் தோட்டமொன்றில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

மாமரத்தின் கீழே

லால்பாக்கில் திப்பு சுல்தான் காலத்தவை என்று கூறப்படும் பழைய மாமரங்கள் சில நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் அருகே ராத்தா நீண்ட நேரம் நின்றுவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு மணம் முடிக்கும்போது வீடு கொடுப்பது வழக்கம். ராத்தாவின் இளைய மகளுக்கு மணம் நிச்சயமாகியிருந்தது. வீடு கட்டுவதற்கென இருந்த ஒரே இடம் பின்புறக் கொல்லை. அக்கொல்லையின் நட்ட நடுவே எங்கள் வாப்பா வைத்த மாமரம் நின்றது. மரத்தை அகற்றினாலன்றி அடித்தளம் போட இயலாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். மரத்தை வைத்துக்கொண்டால் மகளுக்கு வீடில்லை, வீட்டைக் கட்டினால் வாப்பாவின் நினைவாக நிற்கும் மரமில்லை. இந்த மனச்சுமையோடுதான் ராத்தா ஓசூருக்கு வந்திருந்தார்கள்.

அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்டப் பணியாளர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தார். ராத்தா விவரத்தைச் சொன்னார்கள். அவர், "அம்மா, கொட்டையை ஊன்றினால் அதே பழம் வருமென்று சொல்ல முடியாது. கிளையிலிருந்து ஒட்டுக் கட்டினால் அதே மரம்தான். மரம் போனாலும் மரத்தின் உயிர் போகாது" என்றார். மாங்கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் தலையை நறுக்கி, பழைய மரத்தின் முதிர்ந்த நுனிக்கிளையைச் சீவி அதனோடு பொருத்திக் கட்டினால், இரண்டும் ஒன்றாகி வளரும். வேர் புதியது, கிளையும் கனியும் பழைய மரத்தினுடையவை. இது புதிய கண்டுபிடிப்பன்று. ஆனால் தேவைப்படும் வேளையில் தேவைப்படுபவரின் செவியில் விழுந்ததுதான் அன்றைய நாளின் பேறு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர், மாங்கன்று உற்பத்திக்குப் பெயர் பெற்ற ஊர். ஆடி மாதத்தில் என் மருமகன், வாப்பாவின் மரத்திலிருந்து வெட்டிய குச்சிகளின் இலைகளைக் கிள்ளி நீக்கி, ஈரத்துணியில் சுற்றி, இரவுப் பேருந்தில் கொண்டுவந்து சேர்த்தார். சந்தூரிலே ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்த ஒருவரிடம் பத்துக் கன்றுகள் கட்டச் சொன்னோம். ஆறு பிடித்துக்கொண்டன, நான்கு வாடிவிட்டன. அதன் பிறகே ஊரில் மரம் வெட்டப்பட்டு வீடு எழும்பியது. இப்பொழுது புது வீட்டின் முற்றத்தில் ஒரு கன்றும், உடன்பிறந்தோர் இல்லங்களில் ஒவ்வொன்றுமாக நிற்கின்றன. காய்ப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் செல்லும். ராத்தா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் முதலில் கேட்பது பிள்ளைகளின் நலத்தை, அடுத்துக் கேட்பது எங்கள் வீட்டுக் கன்றின் நலத்தை.

ஒட்டுக் கட்ட முடியாதது

வீட்டு மரத்திற்கு ஒட்டுக் கன்று உண்டு. ஒரு நகரத்தின் தோட்டத்திற்கு அது கிடையாது. 2025-ஆம் ஆண்டில் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கச் சாலை அமைக்கும் திட்டத்திற்காக லால்பாக்கின் நிலத்தில் ஒரு பகுதி தேவைப்படும் என்ற செய்தி வெளிவந்தது. நகர மக்கள் பலர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். முன்னர் மெட்ரோ இரயில் பாதை அமைத்தபோதும் இத்தகைய எதிர்ப்பு எழுந்ததுண்டு.

போக்குவரத்து நெரிசலால் அன்றாடம் துன்புறுவோரில் ஓசூர்க்காரர்களும் அடங்குவர். சில்க் போர்டு சந்திப்பில் மணிக்கணக்காக நின்றவர்களுக்குச் சாலையின் அருமை தெரியும். சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாலைக்கு வேறு வழி தேடலாம். இருநூறு ஆண்டு மரங்களுக்கும், முந்நூறு கோடி ஆண்டுப் பாறைக்கும் வேறிடம் தேட முடியாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை மதிப்பிடும் கணக்கில் இந்த வேறுபாடு இடம்பெறுவதே இல்லை.

இது பெங்களூரின் சிக்கல் மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியான ஓசூர் விரைந்து வளர்கிறது. நேற்றுவரை ரோஜாவும் காய்கறியும் விளைந்த நிலங்களில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கப் பாய்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தொழிற்சாலைகள் நமக்குச் சோறிட்டவை. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து நிழல் தேடிப் போகும் ஊர், தனக்கென ஒரு நிழலை ஏன் இன்னும் வளர்த்துக்கொள்ளவில்லை என்பதே என் கேள்வி.

செல்வோருக்குச் சில சொற்கள்

லால்பாக் காலை ஆறு மணிக்கே திறக்கப்படுகிறது. கோடையில் பத்து மணிக்குள் நடந்து முடிப்பது நலம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியுள்ளதால், ஓசூரிலிருந்து பேருந்தில் பொம்மசந்திரா சென்று, அங்கிருந்து இரயிலேறி, ஆர்.வி. ரோடு நிலையத்தில் மாறி, இரண்டாவது நிலையமான லால்பாக்கில் இறங்கலாம். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு செல்லாதீர்கள். பூக்களைப் பறிக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லுங்கள். குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிக் காலத்தில் கூட்டம் மிகுதி. மரங்களை அமைதியாகப் பார்க்க விரும்புவோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம். நாங்கள் நண்பகல் வரை நடந்து, மாவள்ளிப் பக்கம் உணவருந்தி, ளுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினோம். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

மறவாமல் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பத்து மரங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தால் போதும். திரும்பி வந்த பின், உங்கள் தெருவிலும் பள்ளி வளாகத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் நிற்கும் மரங்களுக்குப் பெயர்ப் பலகை எழுதிக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். தமிழ்ப் பெயர், பிறந்த நாடு, பூக்கும் மாதம் என்று மூன்று வரிகள். செலவு மிகச் சிறிது. பெயர் தெரிந்த மரத்தை வெட்ட வருபவரிடம், "ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்க ஒரு பிள்ளையாவது முன்வருவான். பெயர் தெரியாத மரம் சாய்ந்தால் கேட்பாரில்லை.

ஓசூரின் ஏரிக்கரைகளில் ஒன்றிலேனும் மாநகராட்சி சில ஏக்கர் நிலத்தை ஒதுக்கி, இம்மாவட்டத்து மா வகைகளையும் மல்பெரி வகைகளையும் மலைக்காட்டு மரங்களையும் பெயர்ப் பலகையோடு வளர்த்தால், அது நாளைய தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்தாகும். நாற்பது ஏக்கரில் தொடங்கியதுதான் இன்று இருநூற்று நாற்பது ஏக்கராக நிற்கிறது. தொடங்கிய ஹைதர் அலி 1782-இல் கண்மூடினார். இன்று நாம் கண்ட நிழலை அவர் கண்டதில்லை.

உங்கள் ஊரில் பெயர் அறியப்படாத பழைய மரம் ஏதேனும் நின்றால் அதனைப் பற்றி எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் இதழ்களில் இப்பகுதியில் அவற்றுக்கு இடமளிப்போம்.